அகலக்கால் வைக்கலாமா? – லாரி இன்ஜின் ஒன்று கற்பித்த கணக்கு

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

அகலக்கால் வைக்காதே என்பது நம் பெரியோர் வாக்கு. இந்த ஆண்டு எங்கள் வீட்டில் எழுந்த கேள்வியோ நீளக்கால் வைக்கலாமா என்பது. பழுதான லாரி இன்ஜின் ஒன்றைப் பிரித்துக் கட்டும்போது பழைய அளவிலேயே கட்டுவதா, அல்லது பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டிப் பெரிய இன்ஜினாக மாற்றிக் கட்டுவதா? வகுப்பறையில் படித்த வேலை, அழுத்தம், நெம்புகோல் ஆகிய மூன்றும் ஒரே நாளில் பட்டறைத் தரையில் வந்து நின்றன. அங்கே நான் கற்றதைச் சக மாணவர்களோடும் பேராசிரியர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேள்வி பிறந்த இடம்

என் தாய்மாமாவிடம் ஒரு பழைய டாடா 1210 லாரி இருக்கிறது. உடுமலையிலிருந்து சிமெண்டும் கம்பியும் ஏற்றிக்கொண்டு ஒன்பதாறு சோதனைச் சாவடியையும் சின்னாறையும் கடந்து மறையூருக்கும் காந்தளூருக்கும் போகும். திரும்பும்போது காய்கறி, பூண்டு, வெல்லம் என்று கிடைத்த சரக்கை ஏற்றி வரும். எங்கள் இரு குடும்பங்களும் அந்த லாரியை நம்பியே இருக்கின்றன. என் பேருந்துக் கட்டணமும் புத்தகச் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் வண்டி ஏற்றத்தில் தவிக்கத் தொடங்கியது. புகை கக்கியது, ஆயில் குடித்தது, காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜினை இறக்கியே ஆகவேண்டும் என்றானது. அப்போது மாமாவின் நண்பர் ஒருவர், "எப்படியும் பிரிக்கறீங்க. கிராங்க்கைக் கொஞ்சம் பெருசாக்கிப் போட்டுட்டா மலையில சும்மா பறக்கும்" என்று ஒரு யோசனையை விதைத்துவிட்டுப் போனார். அன்றிரவு மாமா என்னிடம் கேட்டார்:

"ஏன் மாப்பிள்ளை, மூணு வருசமா இயற்பியல் படிக்கறயே, இது சரியா வருமான்னு கணக்குப் போட்டுச் சொல்லு பாக்கலாம்."

கையிலிருந்த பணம் ஒரு முறை வேலை பார்க்க மட்டுமே போதும். தவறாகச் சொல்லிவிட்டால் லாரி நிற்கும்; லாரி நின்றால் வீடும் நிற்கும். ஆகவே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் பட்டறைக்குப் போனேன்.

கொள்ளளவு என்பது என்ன?

சிலிண்டரின் உள்விட்டத்தைத் துளை என்போம். பிஸ்டன் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைவரை ஓடும் தூரத்தை வீச்சு என்போம். கிராங்க் தண்டின் கை எவ்வளவு நீளமோ அதைப்போல் இரு மடங்கு வீச்சு. துளையின் பரப்பை வீச்சால் பெருக்கினால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு கிடைக்கும். அதை சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் இன்ஜினின் கொள்ளளவு.

எங்கள் லாரியில் இருப்பது 692 வகை இன்ஜின். 6 சிலிண்டர், துளை 92 மில்லிமீட்டர். பெயரிலேயே அளவு இருக்கிறது. வீச்சு 120 மி.மீ. கணக்கிட்டால் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 798 கன சென்டிமீட்டர். ஆறுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4.79 லிட்டர். வீச்சை மட்டும் 128 மி.மீ. ஆக்கினால் ஒரு சிலிண்டருக்கு 851 கன செ.மீ.; மொத்தம் ஏறத்தாழ 5.1 லிட்டர். அதாவது நூற்றுக்கு 6.7 கூடுகிறது.

இந்த 128 என்ற எண்ணை நான் கற்பனையாக எடுக்கவில்லை. 692-க்குப் பின் வந்த 697 இன்ஜினின் வீச்சு அதுதான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நெம்புகோல் மயக்கம்

மாமாவின் நண்பர் சொன்ன காரணம் கேட்பதற்கு மிக நியாயமானது. சைக்கிள் பெடலின் கை நீண்டால் மிதிப்பது எளிது. கடப்பாறை நீண்டால் கல் புரள்கிறது. அதுபோலக் கிராங்க்கின் கை நீண்டால் இழுவை கூடும் என்றார் அவர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கடப்பாறையின் கை நீண்டால் நம் கை அதிக தூரம் நகர வேண்டும் அல்லவா? விசையில் பெறுவதைத் தூரத்தில் இழக்கிறோம். இன்ஜினிலும் அதே சட்டம்தான். பிஸ்டனைத் தள்ளுவது எரிந்த வாயுவின் அழுத்தம். வாயு செய்யும் வேலை, சராசரி அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கி வருவது. வீச்சை நீட்டினால் கொள்ளளவு கூடுகிறது. உள்ளே வரும் காற்று கூடுகிறது. அந்தக் கூடுதல் காற்றுக்கு ஏற்ற கூடுதல் டீசலை பம்ப் கொடுத்தால்தான் அழுத்தம் பழைய நிலையில் நிற்கும். பம்ப் பழைய அளவே டீசல் கொடுத்தால், அதே நெருப்பு கொஞ்சம் பெரிய அறையில் எரிகிறது, அவ்வளவுதான். ஆகவே வீச்சை நீட்டுவதால் மட்டும் குதிரைத்திறன் பிறப்பதில்லை. எரிபொருளும் கூட வேண்டும். பம்பையும் நாசிலையும் புதிதாக அளந்து அமைக்க வேண்டும். காற்றுக்கு மிஞ்சி டீசலைக் கூட்டினாலோ கரும்புகையும் வெப்பமும்தான் மிஞ்சும்.

இதைச் சொன்னபோது பட்டறை மேஸ்திரி சிரித்தார். "தம்பி, அடுப்பைப் பெருசாக் கட்டிட்டு அதே ரெண்டு சுள்ளியை வெச்சா சோறு சீக்கிரம் வேகுமா?" என்றார். நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நான்கு மில்லிமீட்டர் செய்யும் வேலை

வீச்சு 8 மி.மீ. கூடினால் பிஸ்டன் கீழே 4 மி.மீ. அதிகம் இறங்கும், மேலே 4 மி.மீ. அதிகம் ஏறும். இந்த மேல் நான்குதான் சிக்கல். டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு மில்லிமீட்டர் அதிகம் ஏறினால், முதல் சுற்றிலேயே பிஸ்டன் ஹெட்டில் முட்டும்.

ஆகவே கனெக்டிங் ராடைக் குட்டையாக்க வேண்டும்; அல்லது பின் துளை 4 மி.மீ. மேலே அமைந்த வேறு பிஸ்டனைத் தேட வேண்டும். ராடு குட்டையானால் அது அதிகமாகச் சாயும், பிஸ்டன் லைனரின் பக்கச்சுவரை அதிகமாக அழுத்தும், தேய்மானம் கூடும். பின் மேலே ஏறினால் ரிங் பள்ளங்களுக்கு இடம் குறையும்.

அமுக்க விகிதத்தையும் பார்க்கலாம். டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லை என்பதை நாம் அறிவோம். காற்றை ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காக அமுக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. 30 பாகை செல்சியசில் உள்ள காற்றை வெப்பம் வெளியேறாமல் அவ்வாறு அமுக்கினால், வகுப்பில் படித்த சூத்திரப்படி 650 பாகைக்கு மேல் வருகிறது. சுவர்களுக்குப் போகும் வெப்பத்தால் நடைமுறையில் இது குறையும். அமுக்க விகிதம் 17 என்று வைத்துக்கொண்டால், 798 கன செ.மீ. சிலிண்டரில் மேலே எஞ்சும் அறை சுமார் 50 கன செ.மீ. அதே அறையை வைத்துக்கொண்டு கொள்ளளவை 851 ஆக்கினால் விகிதம் 18 ஆகிறது. உச்ச அழுத்தம் கூடுகிறது. ஹெட் கேஸ்கட்டும் பேரிங்குகளும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பழைய விகிதம் வேண்டுமானால் பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தையும் மாற்ற வேண்டும். டீசல் எரிவதற்கான சுழற்சியை உருவாக்குவதில் அந்தக் கிண்ணத்தின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குத்துமதிப்பாகக் கடைந்துவிட முடியாது.

ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டியிருக்கிறது.

கிராங்க் தண்டின் கழுத்து

எட்டு மில்லிமீட்டர் எங்கிருந்து வரும்? வேறு கிராங்க் கிடைக்காதபோது ஒரு குறுக்குவழியைக் கையாள்வது உண்டு. ராடு பற்றியிருக்கும் கிராங்க் பின்னை மையம் விலக்கிக் கடைவது அது. உட்புறத்தைத் தேய்த்து வெளிப்புறத்தை விட்டுவைத்தால் பின்னின் மையம் வெளியே நகர்கிறது, கை நீள்கிறது. 4 மி.மீ. மையம் நகர வேண்டுமென்றால் பின்னின் விட்டத்தில் 8 மி.மீ. போய்விடும். வழக்கமான பழுது வேலையில் பின்னைக் கடைவது 0.25, 0.50, 0.75, 1 மி.மீ. என்ற படிகளில்தான். எட்டு எங்கே, கால் எங்கே!

கணக்குக்காக 60 மி.மீ. விட்டமுள்ள பின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 52 மி.மீ. ஆனால், வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பதால், நூற்றுக்கு 35 குறைகிறது. இன்னொன்றும் உண்டு. 70 மி.மீ. மெயின் கழுத்தும் 60 மி.மீ. பின்னும் 60 மி.மீ. கையும் உள்ள தண்டை முனையிலிருந்து பார்த்தால், இரண்டு வட்டங்களும் 5 மி.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தண்டின் பலம் அந்தப் படிவில் இருக்கிறது. கை 64 ஆகி, பின் 52 ஆனால், வட்டங்கள் படியாமல் 3 மி.மீ. விலகிவிடுகின்றன. பின்னுக்கும் கழுத்துக்கும் நடுவே சுமை முழுவதையும் நடுத்தகடு ஒன்றே தாங்க வேண்டும். பின்னின் மேல்தோலுக்குக் கொடுத்திருந்த கடினமும் ஒரு பக்கம் கடைசலில் போய்விடும்.

மேஸ்திரி மூலையில் கிடந்த உடைந்த கிராங்க் ஒன்றை உருட்டி வந்து காட்டினார். எந்த வண்டியுடையது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உடைந்த முகத்தில், பின்னும் தகடும் சேரும் மூலையிலிருந்து கிளம்பி, குளத்து மணலில் நீர் வற்றிய வரிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள் தெரிந்தன. கடைசிப் பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தது. "இது ஒரு நாள்ல உடையலைங்க தம்பி. தினமும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, மிச்சம் தாங்க மாட்டாம ஒரு நாள் போயிருச்சு" என்றார். உலோகச் சோர்வு என்று பாடத்தில் வந்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

பிறகு எங்கள் லாரியின் கிராங்க்கைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினார். மணிபோல் நின்று ஒலித்தது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே சோதனைதான்; விரிசல் இருந்தால் ஓசை அடைத்துப் போகும். விரிசலைத் துல்லியமாகக் காணக் காந்தத் துகள் சோதனையும் உண்டு. அதையும் செய்வித்தார்.

தொழிற்சாலைகள் எப்படிச் செய்தன?

அப்படியானால் வீச்சை நீட்டுவதே தவறா? இல்லை. பெரிய நிறுவனங்கள் செய்திருக்கின்றன. ஆனால் எப்படிச் செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

டெல்கோ நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து லாரி உற்பத்தியைத் தொடங்கியது. அந்த வழியில் வந்தவையே 692-உம் 697-உம். 697-இல் வீச்சு 120-லிருந்து 128 ஆனது; கூடவே துளை 92-லிருந்து 97 ஆனது. கொள்ளளவு 4.79 லிட்டரிலிருந்து 5.68 லிட்டராக, நூற்றுக்கு 18.6 வீதம் பெருகியது. இதில் வீச்சின் பங்கு நூற்றுக்கு 6.7 என்றால், துளையின் பங்கு 11-க்கும் மேல். பெரும்பகுதி லாபம் துளையிலிருந்து வந்தது. கிராங்க்கோடு நிற்காமல் முழு இன்ஜினையும் அளவெடுத்து அமைத்தார்கள்.

நம் எண்ணூரின் அசோக் லேலண்டு வரலாற்றிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்டு ஆன நிறுவனம் அது. அதன் கனரக வண்டிகளில் இடம்பெற்ற 680 இன்ஜினுக்கு மூத்தது இங்கிலாந்தின் லேலண்டு 600. இந்த எண்கள் கன அங்குலத்தில் ஏறத்தாழக் கொள்ளளவைக் குறிப்பவை. 600-க்குத் துளை 4.8 அங்குலம், வீச்சு 5.5 அங்குலம், 680-க்குத் துளை 5 அங்குலம், வீச்சு 5.75 அங்குலம். இங்கும் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. அமெரிக்கக் கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின் 6.7 ஆனபோதும் அப்படியே: துளை 102-லிருந்து 107, வீச்சு 120-லிருந்து 124.

பட்டறையிலேயே வீச்சை நீட்டி வெற்றி கண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் செவர்லே 350 கன அங்குலப் பெட்ரோல் இன்ஜினில் அதே குடும்பத்து 400-இன் கிராங்க்கைப் பொருத்தி 383 ஆக்குவது பிரபலமான வேலை. வீச்சு 3.48 அங்குலத்திலிருந்து 3.75 ஆகிறது. அதற்கும் மெயின் கழுத்தை 2.65 அங்குலத்திலிருந்து 2.45-க்குக் கடைய வேண்டும். அந்த வேலைக்கான கிராங்க்கும் பிஸ்டனும் அங்கே கடையில் தயாராகவே விற்கின்றன. அது சிறு வண்டிக்கும் பந்தயக் காருக்கும் விருப்பத்தோடு செய்வது; மூட்டை ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் மலையேறுகிற டீசல் லாரிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

மறையூர் ஏற்றத்தில் மிச்சமாவது எவ்வளவு?

எல்லாச் சிக்கலையும் தாண்டி வெற்றிகரமாக நீட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். லாபம் என்ன?

மொத்த எடை 12 டன். சாலை 15 அடிக்கு ஓரடி ஏறுகிறது என்று கொண்டால், எடையின் சரிவுக் கூறு சுமார் 7,840 நியூட்டன். டயர் உருளும் எதிர்ப்பையும் சேர்த்தால் 9,000 நியூட்டன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுக்க ஏறத்தாழ 50 கிலோவாட், அதாவது 67 குதிரைத்திறன் சக்கரத்தில் வேண்டும். இன்ஜின் திறன் நூற்றுக்கு 6.7 கூடினால் வேகம் 20-லிருந்து 21.3 ஆகும். இத்தகைய ஏற்றம் தொடர்ந்து 15 கிலோமீட்டர் இருந்தாலும் 45 நிமிடம் 42 நிமிடம் ஆகிறது. மிச்சம் மூன்று நிமிடம்!

உயரமும் ஒரு பங்கு கேட்கிறது. மறையூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். உடுமலையைவிட அங்கே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 6 அளவு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் எதுவானாலும் அந்த அளவு காற்றை இழக்கும். அதாவது நீட்டிய இன்ஜின் மறையூரில் பெறும் காற்று, பழைய இன்ஜின் உடுமலையில் பெற்ற காற்றுக்கு ஏறக்குறைய சமம். ஆனால் ஒரு கியர் இறக்கினாலே சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஏற்றத்துக்கென்று வண்டியில் ஏற்கெனவே இருக்கும் நெம்புகோல் அதுதான்.

பழைய அளவு என்பது குறைந்த அளவா?

இங்கேதான் என் எண்ணம் முழுவதும் மாறியது. மேஸ்திரி லைனருக்குள் அளவுகோலை இறக்கி, ரிங் திரும்பும் மேல்பகுதியிலும் நடுவிலும் அடியிலும், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். மேல்பகுதி தேய்ந்து அகன்றிருந்தது. வட்டமும் சற்று நீள்வட்டமாகியிருந்தது. ரிங்குகள் தளர்ந்திருந்தன. இரண்டு வால்வுகள் சரியாக அமரவில்லை. நாசில்கள் உரிய அழுத்தத்துக்கு முன்பே திறந்து, தூவுவதற்குப் பதிலாகச் சொட்டின. அமுக்கிய காற்று கசிகிறது, சூடு எழவில்லை, டீசல் முழுதாக எரியவில்லை. வண்டி தவித்ததன் காரணம் இவ்வளவுதான். கொள்ளளவு ஒரு சொட்டும் குறையவில்லை. இருந்த கொள்ளளவு வேலை செய்யவில்லை.

நாம் "பழைய அளவு" என்று அலட்சியமாகச் சொல்வது தேய்ந்த இன்ஜினை மனத்தில் வைத்துக்கொண்டுதான். அதைப் புதிதாய்க் கட்டிய நீண்ட வீச்சு இன்ஜினோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது புதிதாய்க் கட்டிய பழைய அளவோடு.

சட்டமும் ஒரு சொல் சொல்கிறது. பதிவுச் சான்றிதழில் இன்ஜினின் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் கேள்வி எழும். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இது சிறிய விஷயமன்று.

முடிவு

நோட்டுப் புத்தகத்தை மாமாவிடம் நீட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவில்லை. "மூணு நிமிசம்தானா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க மாமா, அதுவும் எல்லாம் சரியா அமைஞ்சா" என்றேன். மேஸ்திரியைப் பார்த்து, "பழைய அளவுலயே கட்டிருங்க. கட்டறதை நல்லாக் கட்டிருங்க" என்றார்.

புதிய லைனர், பிஸ்டன், ரிங். கிராங்க் பின்களை 0.25 மி.மீ. கடைந்து அதற்கேற்ற பேரிங். வால்வு அமர்வுகள் சீர். பம்பும் நாசிலும் சோதனை மேடையில் அளவிட்டது. இவ்வளவுதான் வேலை. மிஞ்சிய பணத்தில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, பிரேக் லைனிங்கையும் மாற்றினோம். ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டுமல்லவா?

ரிங்குகள் படிவதற்காக முதல் சில வாரம் அரைச் சுமையோடு ஓட்டிவிட்டு, ஒரு ஞாயிறன்று முழுச் சுமையோடு மறையூர் புறப்பட்டார் மாமா. நானும் உடன் போனேன். முன்பு முதல் கியரில் முனகிக்கொண்டு ஊர்ந்த கொண்டை ஊசி வளைவுகளை இம்முறை இரண்டாவது கியரில் கடந்தது. பின்னால் புகை இல்லை. மறையூரில் தேநீர் குடிக்கும்போது மாமா சொன்னார்: "வண்டிக்குப் புதுசா ஒண்ணும் சேக்கலை மாப்பிள்ளை. அதுக்கு இருந்ததைத் திருப்பிக் குடுத்தோம்."

நண்பர்களே, பெரிதாக்கும் ஆசை எழும்போது முதலில் அளவுகோலை எடுங்கள். இருப்பது எவ்வளவு, அதில் இழந்தது எவ்வளவு என்று அளந்துவிட்டால், கூட்ட வேண்டியது எவ்வளவு என்பது தானே தெரிந்துவிடும். எங்கள் லாரியைப் பொறுத்தவரை அந்த விடை சுழியம்.